நாம் செய்த மோட்டார்

டில்லியில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களில் ஆண்டுதோறும் எழும் கேள்வி ஒன்று உண்டு. வெளியூரிலிருந்து வரும் உறவினரை எங்கே அழைத்துச் செல்வது என்பதே அது. செங்கோட்டை, குதுப்மினார், ராஜகாட், ராமகிருஷ்ணபுரத்து மலைக்கோயில் என்ற பட்டியல் எல்லார் வீட்டிலும் ஆயத்தமாக இருக்கிறது. சென்ற குளிர்காலத்தில் பம்பாயிலிருந்து வந்திருந்த என் சித்தப்பாவிடம் நானும் அந்தப் பட்டியலைத்தான் ஒப்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கோட்டைகளை முன்பே பார்த்தாயிற்று. பழைய மோட்டார்களை வைத்திருக்கும் காட்சிசாலை ஒன்று இந்தப் பக்கம் இருக்கிறதாமே, அதற்கு அழைத்துப் போகமாட்டாயா?" என்றார்.

அந்தக் கேள்வி எனக்கு வியப்பைத் தரவில்லை. சித்தப்பா பம்பாயின் குர்லா பகுதியில் மோட்டார் உறுப்புகள் செய்யும் சிறிய பட்டறை ஒன்றில், 1967ஆம் ஆண்டு முதல் முப்பத்து மூன்று ஆண்டுகள் லேத் இயந்திரத்தின் முன் நின்று உழைத்தவர். சொந்தமாகக் கார் எதையும் அவர் வாங்கியதில்லை. வேலைக்குப் போனதும் வந்ததும் புறநகர் ரயிலில். ஆயினும் தெருவில் ஒரு பழைய கார் போனால், அதன் ஓசையைக் கேட்டே எந்த உறுப்பு தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவரும், பொறியியல் கல்லூரியில் படிக்கும் என் மகளும், நானுமாகப் புறப்பட்டோம்.

நாங்கள் சென்ற இடம் ஹரியானா மாநிலத்தில், நூஹ் மாவட்டத்தைச் சேர்ந்த தாவ்டு என்னும் சிற்றூரின் அருகே உள்ளது. டில்லியிலிருந்து ஜெய்ப்பூர் செல்லும் நெடுஞ்சாலையில் குருகிராமத்தையும் மானேசரையும் கடந்து, பிலாஸ்பூர் என்ற இடத்தில் திரும்பவேண்டும். அங்கே பாரம்பரியப் போக்குவரத்துக் காட்சிசாலை இருக்கிறது. தருண் தக்ரால் என்ற தனி மனிதர் பல ஆண்டுகளாகச் சேகரித்த பொருள்களைக் கொண்டு அமைந்த இக்காட்சிசாலை, 2013ஆம் ஆண்டின் இறுதியில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. பெயருக்கேற்ப அங்கே மோட்டார் மட்டும் இல்லை. பல்லக்கும், யானை அம்பாரியும், மாட்டு வண்டியும், குதிரை வண்டியும், பழைய ரயில் சலூன் பெட்டியும், சிறிய விமானமும், குழந்தைகளின் பொம்மை வண்டிகளும் அடுக்கடுக்காக வைக்கப்பட்டிருக்கின்றன. மனிதன் மனிதனைச் சுமந்த காலத்திலிருந்து எஞ்சின் மனிதனைச் சுமக்கும் காலம் வரையில் ஒருவர் நடந்தே கடந்துவிடலாம்.

பல்லக்குகளின் அருகில் சற்று நேரம் நின்றேன். போக்குவரத்தின் வரலாற்றை வேகத்தின் வரலாறாகவே நாம் படிக்கிறோம். உண்மையில் அது, யார் உள்ளே அமர்ந்தார், யார் சுமந்தார் என்பதன் வரலாறும் ஆகும். மோட்டார் இந்தியாவுக்கு வந்தபோதும் இந்த வேறுபாடு மறைந்துவிடவில்லை.

கார்ல் பென்ஸ் தமது மூன்று சக்கர மோட்டாருக்கு ஜெர்மனியில் உரிமம் கோரி விண்ணப்பித்தது 1886ஆம் ஆண்டு ஜனவரி 29ஆம் நாள். அந்த நூற்றாண்டு முடிவதற்குள்ளாகவே மோட்டார் இந்தியக் கரையில் இறங்கிவிட்டது. முதலில் அதை வாங்கியவர்கள் ஆங்கிலேய வணிகர்களும் உயர் அதிகாரிகளும் செல்வர்களும். அவர்களை அடுத்துச் சுதேச மன்னர்கள் வந்தார்கள். இங்கிலாந்தின் ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனம் சுதந்திரத்துக்கு முன் நூற்றுக்கணக்கான வண்டிகளை இந்தியாவுக்கு அனுப்பியது. வேட்டைக்கென்று பெரிய விளக்குகளும் துப்பாக்கி வைக்கும் சட்டங்களும் பொருத்திய கார்கள், பட்டத்து விழா ஊர்வலத்துக்கென்று செய்த கார்கள், அந்தப்புர மகளிர் வெளியே தெரியாமல் செல்லத் திரையிட்ட கார்கள் என்று அரண்மனைகளின் தேவைக்கேற்ப அவை அமைந்தன.

1947 முதல் 1949 வரையில் சமஸ்தானங்கள் இந்தியாவுடன் இணைந்தன. 1971ஆம் ஆண்டில் அரசியல் சட்டத்தின் 26ஆவது திருத்தத்தால் மன்னர் மானியமும் நின்றது. வருவாய் குறைந்த அரண்மனைகளிலிருந்து பல கார்கள் கை மாறின. சில கடல் கடந்தன. சில மரத்தடியில் துருப்பிடித்தன. எஞ்சியவற்றைப் போற்றிக் காக்கவேண்டும் என்ற எண்ணம் அதற்குள் பரவத் தொடங்கியிருந்தது. 1964 முதல் டில்லியில் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகை நடத்திவந்த பழைய கார்களின் ஊர்வலத்துக்கு இதில் பெரும் பங்கு உண்டு.

இத்தகைய பழைய வண்டிகளைக் காண்பவர்கள் அவற்றின் பளபளப்பில் மயங்கி நிற்பது இயல்பு. என் மகளும் அப்படித்தான் நின்றாள். ஆனால் சித்தப்பா அந்த வரிசைகளை விரைவாகக் கடந்து சென்றுவிட்டார். தேடிப் பார்த்தபோது, அவர் ஓர் அம்பாசிடர் காரின் முன்னே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். டில்லியில் அரசாங்க அலுவலகத்துக்குப் போய்வரும் எவருக்கும் அந்த வண்டி புதிதன்று. நான் பணியில் சேர்ந்த காலத்தில் எங்கள் அலுவலக வாயிலில் வெள்ளை வெளேரென்று வரிசையாக நின்றவை அவையே. நேற்றுவரை தெருவில் நின்ற பொருள் காட்சிசாலைக்குள் வந்து நிற்பதைப் பார்க்கும்போது, நம்முடைய வயதும் சேர்ந்தே கண்ணில் படுகிறது.

என் மகள் அருகில் இருந்த விவரத்தைப் படித்துவிட்டுத் தன் கைபேசியிலும் ஏதோ தேடிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "இது மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்னும் இங்கிலாந்துக் கார்தானே? அங்கே இந்த வடிவத்தை 1956 முதல் 1959 வரை மூன்றே ஆண்டுகள் செய்துவிட்டு நிறுத்திவிட்டார்களாம். நாம் 1957 முதல் 2014 வரை ஐம்பத்தேழு ஆண்டுகள் செய்திருக்கிறோம். அவர்கள் வேண்டாமென்று விட்டதை இத்தனை காலம் செய்தோம் என்பது பெருமையா, தாத்தா?"

சித்தப்பா உடனே விடை சொல்லவில்லை. அந்தக் கேள்விக்கு விடை காண வேண்டுமானால், நம் நாடு கார் செய்ய முற்பட்ட வரலாற்றைச் சிறிது திரும்பிப் பார்க்கவேண்டும்.

தொடக்கத்தில் கார்கள் முழு உருவில் கப்பலேறி வந்தன. முழு வண்டிக்குக் கப்பலில் இடம் அதிகம் வேண்டும், கூலியும் அதிகம். ஆகவே உறுப்புகளாகப் பிரித்துப் பெட்டிகளில் அனுப்பி, இங்கே துறைமுகத்தின் அருகிலேயே பூட்டி விற்பது மலிவு என்று வெளிநாட்டு நிறுவனங்கள் கண்டன. அமெரிக்க ஃபோர்டு நிறுவனத்தின் கனடாக் கிளை 1926ஆம் ஆண்டில் இந்தியாவில் தன் துணை நிறுவனத்தை அமைத்தது. பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய மூன்று துறைமுகங்களிலும் அதன் வண்டிகள் பூட்டப்பட்டன. ஜெனரல் மோட்டார்ஸ் 1928ஆம் ஆண்டு முதல் பம்பாயில் செவர்லே வண்டிகளைப் பூட்டி விற்றது. இந்தியத் தொழிலாளியின் கையில் அன்று இருந்தது திருகுச்சாவி மட்டுமே. உறுப்பை வார்ப்பதும் கடைவதும் வேறு நாட்டில் நடந்தன.

இந்நிலையை மாற்ற எண்ணியவர்களுள் முன்னோடியாக விளங்கியவர் பொறியியல் மேதை விசுவேசுவரய்யா. 1930களின் நடுவில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மோட்டார்த் தொழிற்சாலைகளை நேரில் ஆராய்ந்து, பம்பாயில் ஒரு தொழிற்சாலை அமைக்கும் திட்டத்தை அவர் வகுத்தார். வால்சந்த் ஹீராசந்த் அதில் ஆர்வம் காட்டினார். அன்றைய ஆங்கில அரசாங்கம் வேண்டிய ஆதரவை அளிக்கவில்லை. பின்னர் யுத்தமும் வந்தது. இருப்பினும் யுத்த காலத்திலேயே இரண்டு நிறுவனங்கள் பிறந்தன. 1942ஆம் ஆண்டில் பி. எம். பிர்லா தொடங்கிய ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், முதலில் குஜராத்தின் ஓகா துறைமுகத்தில் இயங்கி, 1948ஆம் ஆண்டில் கல்கத்தாவின் அருகே, ஹூக்ளி நதிக்கரையில் உள்ள உத்தரபாராவுக்கு இடம் பெயர்ந்தது. 1944ஆம் ஆண்டில் வால்சந்த் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், பம்பாயின் குர்லாவில் அமெரிக்கக் கிரைஸ்லர் நிறுவனத்தின் துணையுடன் 1947ஆம் ஆண்டில் தன் முதல் வண்டிகளை வெளியிட்டது. மூன்றாவதாகச் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1948ஆம் ஆண்டில் உருவாயிற்று. அதன் தொழிற்சாலை வண்டலூரில் அமைந்தது.

கல்கத்தா, பம்பாய், சென்னை என்று மீண்டும் அதே மூன்று துறைமுகங்கள். இது தற்செயலன்று. உறுப்புகளும் இயந்திரங்களும் கப்பலில் வரவேண்டியிருந்த வரையில் தொழிற்சாலை கடலை விட்டு அதிகத் தூரம் போக இயலாது.

திருப்பம் 1953ஆம் ஆண்டில் ஏற்பட்டது. நாட்டின் மோட்டார்த் தொழிலை ஆராய்ந்த சுங்கவரிக் கமிஷன், சந்தை மிகச் சிறியது என்று கண்டது. பல நிறுவனங்கள் ஆளுக்குச் சில நூறு வண்டிகளைப் பூட்டிக்கொண்டிருந்தால் எவரும் இங்கே உறுப்பு செய்ய முன்வரமாட்டார்கள் என்பது தெளிவாயிற்று. ஆகவே, உறுப்புகளைப் படிப்படியாக இந்தியாவிலேயே தயாரிக்கத் திட்டம் உடையவர்கள் மட்டும் தொழிலை நடத்தலாம், வெறுமனே பூட்டி விற்பவர்கள் விலகவேண்டும் என்று அரசாங்கம் முடிவு செய்தது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் அதையடுத்து இந்தியாவில் தங்கள் தொழிலை மூடின. 1957-58இல் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்தபோது, உறுப்புகளை இறக்குமதி செய்வதற்கும் வழி குறுகியது. வேறு வழியில்லாமல் நாம் செய்யக் கற்றுக்கொண்டோம்.

அதே ஆண்டுகளில்தான் உத்தரபாராவில் அம்பாசிடர் பிறந்தது. அதற்கு முன் அங்கே மாரிஸ் வண்டிகளை ஒட்டி ஹிந்துஸ்தான் 10, ஹிந்துஸ்தான் 14, லாண்டுமாஸ்டர் என்பவை வந்திருந்தன. குர்லாவில் இத்தாலியின் ஃபியட் நிறுவனத்துடன் உடன்பாடு ஏற்பட்டு, 1954 முதல் ஃபியட் 1100 வெளிவந்தது. அதன் வழிவந்த வண்டி 1970களில் பத்மினி என்ற பெயரைப் பெற்றது. வண்டலூரில் 1961ஆம் ஆண்டு முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு தயாராயிற்று. கல்கத்தாவின் டாக்ஸி அம்பாசிடர் என்றும், பம்பாயின் டாக்ஸி ஃபியட் என்றும் ஊருக்கு ஊர் அடையாளம் ஏற்பட்டது இவ்வாறுதான். இந்தச் சிறு வரிசையே முப்பது ஆண்டுகளுக்கு நம் நாட்டின் கார் வரலாறாக இருந்தது.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு இந்த வரலாறு மிகவும் பழக்கமானதாகத் தோன்றுகிறது. பிறமொழிச் சொல் ஒன்றை நம் எழுத்தில் அப்படியே எழுதிவிடுவது எளிது. பெட்டியில் வந்த உறுப்புகளைப் பூட்டியது அதைப் போன்ற வேலை. அச்சொல்லின் பொருளை உணர்ந்து நம் மொழியிலேயே அதை ஆக்குவது கடினம். உறுப்பை இங்கே வார்த்துக் கடைந்தது அதைப் போன்றது. நல்ல மொழிபெயர்ப்பாளன் சில இடங்களில் மூலத்தில் இல்லாத வசதியையும் சேர்ப்பான். இங்கிலாந்தின் ஹெரால்டு காருக்கு இரண்டே கதவுகள். பின்னிருக்கையில் பாட்டியும் பேரப்பிள்ளைகளுமாக ஏறி இறங்கும் நம் குடும்பங்களுக்கு அது எப்படிப் போதும்? சென்னையில் 1960களின் பிற்பகுதியில் அதற்கு நான்கு கதவுகள் வைத்தார்கள். அந்த வடிவம் இங்கிலாந்தில் என்றுமே விற்பனைக்கு வரவில்லை.

ஆனால் மொழிபெயர்ப்பாளனுக்கு வரக்கூடிய குறை ஒன்றும் இவ்வரலாற்றில் உண்டு. முதல் பதிப்பு விற்றுக்கொண்டே இருந்தால் திருத்தம் செய்யும் எண்ணம் தளர்ந்துவிடும். எத்தனை வண்டி செய்யலாம் என்பதற்கு லைசென்ஸ், விலைக்குக் கட்டுப்பாடு, இறக்குமதிக்குத் தடை என்ற ஏற்பாடுகளின் கீழ் 1970களில் நாடு முழுவதும் ஆண்டொன்றுக்கு 50,000க்கும் குறைவான கார்களே தயாராயின. வாங்க விரும்பியவர் முன்பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார். காத்திருப்பவர் வரிசை நீளமாக இருக்கும்போது, வண்டியை மாற்றி அமைக்கவேண்டிய நெருக்கடி எவருக்கும் இல்லை. அம்பாசிடரில் முகப்புச் சட்டம் மாறியது. டீசல் எஞ்சின் வந்தது. பின்னர் ஜப்பானின் இசுஸு எஞ்சினும் வந்தது. உடல் மட்டும் ஏறத்தாழ அதுவாகவே இருந்தது.

இவை அனைத்தையும் நான் மகளுக்குச் சுருக்கமாக எடுத்துச் சொன்னேன். அவள் விடவில்லை. "அப்படியானால் பூட்டை வெளியே போட்டு உள்ளே தூங்கிவிட்டோம் என்றுதானே பொருள்?" என்றாள்.

அப்போதுதான் சித்தப்பா பேசினார். "தூங்கினவர்கள் இருக்கலாம், அம்மா. நாங்கள் தூங்கவில்லை" என்று தொடங்கினார். அவர் பட்டறையில் சேர்ந்த புதிதில் அவருக்குக் கொடுத்த வேலை, விரல் நீளத்துக்கு ஒரு புஷ் கடைவது. வரைபடத்தில் குறித்த அளவிலிருந்து ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குகூடப் பிசகக்கூடாது. பட்டறைப் பேச்சில் அந்த அளவுக்குத் 'தௌ' என்று பெயர். "பெட்டி நிறைய அனுப்புவோம். பாதிக்கு மேல் திரும்பி வந்துவிடும். எங்கள் எஃகு ஒரே சீராக இராது. லேத் பழையது. வெயில் ஏறினால் அளவு மாறும். முதலாளி தலையில் கையை வைத்துக்கொள்வார். ஓர் ஆண்டு இப்படியே போயிற்று. இரண்டாம் ஆண்டு திரும்பி வருவது குறைந்தது. மூன்றாம் ஆண்டின் இறுதியில் ஒரு பெட்டியில் ஒன்றுகூடத் திரும்பவில்லை. அன்று மாலை முதலாளி எல்லாருக்கும் ஜிலேபி வாங்கிக் கொடுத்தார்."

சற்று நிறுத்தி அவர் மேலும் சொன்னார்: "அந்தப் புஷ் எந்த வண்டிக்குள் போயிற்றோ தெரியாது. அந்த வண்டியில் நான் ஏறினதும் இல்லை. ஆனால் என்னிடம் கற்றுக்கொண்ட பையன்கள் பத்துப் பன்னிரண்டு பேர். அவர்களில் சிலர் இன்று கணினி இயந்திரத்தில் வேலை செய்கிறார்கள். இந்தக் கார் பழசு என்று நீ சொல்வது உண்மைதான். இதைச் செய்யக் கற்றுக்கொண்ட கை பழசாகிவிடவில்லை."

சித்தப்பா சொன்னது ஒரு பட்டறையின் கதை. நாட்டின் கதையும் அதுவே. இங்கேயே உறுப்பு செய்யவேண்டும் என்ற கட்டாயத்தால் நூற்றுக்கணக்கான துணைத் தொழில்கள் பிறந்தன. பஞ்சாபிலும் ஹரியானாவிலும், புணேயிலும், சென்னையிலும் அவை பெருகின. சென்னை செம்பியத்தில் 1949ஆம் ஆண்டு தொடங்கிய இந்தியா பிஸ்டன்ஸ் அவற்றுள் ஒன்று. பாடி என்னும் புறநகரில் 1960ஐ ஒட்டிய சில ஆண்டுகளுக்குள் சக்கரம் செய்யும் தொழிற்சாலையும், பிரேக் செய்யும் தொழிற்சாலையும், மின்கருவிகள் செய்யும் தொழிற்சாலையும் அடுத்தடுத்து எழுந்தன. 1912ஆம் ஆண்டில் மதுரையில் பஸ் நடத்தத் தொடங்கிய டி. வி. சுந்தரம் ஐயங்காரின் குடும்பம், வண்டி ஓட்டுவதிலிருந்து வண்டியின் உறுப்புகளைச் செய்வதற்கு முன்னேறியது இந்தக் காலத்தில்தான்.

மலிவான சிறிய கார் வேண்டும் என்ற பேச்சும் அந்நாளிலேயே எழுந்தது. 1960ஐ ஒட்டி எல். கே. ஜா தலைமையில் அமைந்த குழு அதை ஆராய்ந்தது. எனினும் காரியம் கைகூட இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1971ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட மாருதி நிறுவனம் சந்தைக்குக் கார் எதையும் அனுப்பாமலே முடங்கியது. 1980ஆம் ஆண்டில் அதை அரசுடைமையாக்கி, 1981இல் மாருதி உத்யோக் என்ற பெயரில் மீண்டும் தொடங்கினார்கள். 1982இல் ஜப்பானின் சுஸுகி நிறுவனத்துடன் ஒப்பந்தம் ஏற்பட்டது. 1983ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆம் நாள் குர்காவ்ன் தொழிற்சாலையின் முதல் காரை அன்றைய பிரதமர் இந்திரா காந்தி உரியவரிடம் ஒப்படைத்தார். அந்த மாருதி 800 காருக்கு முன்பதிவு செய்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர்.

புதிய காருக்கும் மூலம் வெளிநாட்டினுடையதே. ஆனால் அதன் உறுப்புகளை விரைவிலேயே உள்நாட்டில் செய்ய முடிந்தது என்றால், முப்பது ஆண்டுகளாகத் 'தௌ' அளவில் கை பழகியவர்கள் ஆயத்தமாக இருந்ததும் அதற்கு ஒரு காரணம். 1993ஆம் ஆண்டில் கார் உற்பத்திக்கு லைசென்ஸ் தேவையில்லை என்றாயிற்று. நாற்பது ஆண்டுகளுக்கு முன் விலகிய அமெரிக்க நிறுவனங்கள் திரும்பி வந்தன. 1998ஆம் ஆண்டில் டாடா நிறுவனத்தின் இண்டிகா வெளிவந்தது. வெளித்தோற்றத்துக்கு இத்தாலியர் உதவினர். மற்றபடி அது இந்தியப் பொறியாளர்கள் தாமே திட்டமிட்டு உருவாக்கிய கார். மொழிபெயர்ப்பிலிருந்து மூலநூலுக்கு நாம் நகர்ந்த ஆண்டு அது எனலாம்.

பழைய வண்டிகள் ஒவ்வொன்றாக விடைபெற்றன. சென்னையின் ஸ்டாண்டர்டு தொழிற்சாலையில் ஹெரால்டும், அதன் பின்வந்த கெஸல் காரும் 1970களிலேயே நின்றன. 1985இல் அது வெளியிட்ட ஸ்டாண்டர்டு 2000 என்ற காரும் 1988ஆம் ஆண்டோடு முடிந்தது. பத்மினியின் உற்பத்தி இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் நின்றது. பம்பாயில் டாக்ஸிகளுக்கு இருபது ஆண்டு வரம்பு இருந்ததால், 2003இல் கடைசியாகப் பதிவான பத்மினி டாக்ஸி 2023ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்துடன் தெருவைவிட்டு அகன்றது. மாருதி 800 உற்பத்தி 2014ஆம் ஆண்டு ஜனவரியிலும், அம்பாசிடரின் உற்பத்தி அதே ஆண்டு மே மாதத்திலும் முடிவுக்கு வந்தன. தாவ்டு காட்சிசாலை திறக்கப்பட்டு ஆறு மாதங்கள் ஆவதற்குள், காக்கவைத்த காரும் காத்திருப்பை முடித்துவைத்த காரும் இரண்டுமே வரலாறு ஆகிவிட்டன.

அம்பாசிடர் பெருமைக்குரியதா அன்றா என்ற என் மகளின் கேள்விக்கு ஒரே சொல்லில் விடை இல்லை. செய்யவேண்டும் என்று 1953இல் எடுத்த முடிவு சரியானது. செய்ததைத் திருத்தவேண்டும் என்ற இரண்டாவது முடிவை எடுக்க நாம் மிகவும் தாமதித்தோம். முதலாவதின் பயனை உறுப்பு செய்தவர்கள் கையில் பெற்றார்கள். இரண்டாவதின் விலையைக் காத்திருந்தவர்கள் கொடுத்தார்கள். வரலாற்றில் இவ்விரண்டையும் சேர்த்தே எழுதவேண்டும். ஒன்றை எழுதி மற்றொன்றை விட்டால் யாரோ ஒருவருடைய உழைப்புக்கோ, யாரோ ஒருவருடைய பொறுமைக்கோ அநீதி செய்தவர்களாவோம்.

காட்சிசாலையைப் பற்றி என் மனத்தில் ஒரே ஒரு குறை. இது அந்த ஓரிடத்துக்கு மட்டும் உரிய குறையும் அன்று. மோட்டார்க் காட்சிசாலைகளில் வண்டி இருக்கிறது. அதை வைத்திருந்தவர் பெயர் இருக்கிறது. லேத் இயந்திரத்தின் முன் நின்றவருக்கு இடம் இல்லை. பளபளக்கும் கார்களுக்கு நடுவே எண்ணெய் படிந்த ஒரு பழைய லேத்தையும், திரும்பி வந்த ஒரு பெட்டி புஷ்ஷையும் வைத்தால் வரலாறு நிறைவு பெறும் என்று தோன்றுகிறது.

திரும்பும் வழியில் மானேசர் அருகே மாலை நேர நெரிசலில் எங்கள் வண்டி நின்றது. பக்கத்தில் நீண்ட லாரி ஒன்று புதிய கார்களை இரண்டு அடுக்காக ஏற்றிக்கொண்டு நின்றிருந்தது. சித்தப்பா ஜன்னல் வழியாக அவற்றை வெகுநேரம் பார்த்தார். பிறகு என் மகளிடம், "இவற்றில் எத்தனை உறுப்பு இங்கே கடைந்தது என்று நான் கேட்கமாட்டேன். எல்லாமே இருக்கும். எத்தனைக்கு வரைபடம் இங்கே போட்டார்கள் என்று உன் கல்லூரியில் கேட்டுச் சொல்" என்றார். அவள் சிரிக்கவில்லை. தலையை அசைத்துக் கைபேசியில் குறித்துக்கொண்டாள்.

இந்தியாவின் பல நகரங்களில் வாழும் தமிழ் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. டில்லியைச் சேர்ந்தவர்கள் தாவ்டுக்கு ஒரு பகல் ஒதுக்கலாம். அகமதாபாத்தில் இருப்பவர்களுக்கு அருகே கட்வாடாவில், பிராண்லால் போகிலால் சேகரித்த கார்களின் காட்சிசாலை உண்டு. ஊருக்குச் செல்பவர்கள் கோயம்புத்தூரில் ஜி. டி. நாயுடு அவர்களின் நினைவோடு இணைந்து 2015ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட ஜீடீ கார் காட்சிசாலையைக் காணலாம். கல்கத்தாவில் இருப்பவர்கள் ஹௌராவிலிருந்து பர்த்தமான் செல்லும் ரயிலில் உத்தரபாராவுக்கு அடுத்த நிலையத்தின் பெயரைப் படித்துப் பார்க்கலாம். ஹிந்த்மோட்டார் என்று எழுதியிருக்கும். தொழிற்சாலையின் பெயரால் ஒரு ரயில் நிலையம்! எங்கே சென்றாலும் வீட்டில் உள்ள முதியவர் ஒருவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். வண்டியின் முன்னே இருக்கும் அட்டையில் எழுதாத பாதி வரலாறு அவரிடம் இருக்கக்கூடும்.